யார் வழக்குப் போடுவார் என்று பார்க்காதீர்கள்: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

குற்றச் செய்திகளை வெளியிடும் நாளிதழ்கள், தொலைக்காட்சிகள், இணையச் செய்தித்தளங்களின் ஆசிரியர்களுக்கும் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

ஒரு குற்றச் செய்தியைப் பற்றி வக்கீல் நோட்டீஸ் வந்து சேர்ந்ததும், நம் அலுவலகங்களில் "அனுப்பினது யாரு?" என்றுதான் முதலில் கேட்கிறோம். செய்தி சரியா என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான் வருகிறது. பல நேரம் வருவதே இல்லை. அனுப்பியவர் பெரிய இடம் என்றால், மாலைக்குள் செய்தி தளத்திலிருந்து இறங்கிவிடுகிறது. சாதாரண ஆள் என்றால், பிரித்த கவர் சட்டப்பிரிவின் மேசையிலேயே கிடக்கிறது. நோட்டீஸ் அனுப்ப வழியே இல்லாத ஒருவரைப் பற்றிய தவறான செய்தியோ, அவர் பெயரைத் தேடும்போதெல்லாம் முதலில் வந்து நிற்கிறது.

நிருபராகவும் டெஸ்கிலும் குற்றச் செய்திகளோடு காலம் கழித்தவன் என்ற முறையில் உங்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். செய்தியை வைத்திருப்பதா எடுப்பதா, திருத்துவதா, வழக்கை நின்று நடத்துவதா என்பதையெல்லாம் அந்தச் செய்தி உண்மையா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். எதிரே இருப்பவரின் வசதியை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அவதூறு வழக்கு என்றாலே பத்திரிகைச் சுதந்திரத்தின் மீதான தாக்குதல் என்று தலையங்கம் எழுதுவது நமக்குப் பழகிவிட்டது. பல வழக்குகளில் அது உண்மை. ஆனால் எல்லா வழக்கும் அப்படி இல்லை. 2010 டிசம்பரில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரான ஓய்வுபெற்ற ஆசிரியரைப் போலீஸ் கைது செய்தது. அவ்வளவுதான், பத்திரிகைகள் பாய்ந்தன. அவர் தலைமுடி, நடை, பேச்சு, தனியாக வாழ்ந்தது என எல்லாமே சந்தேகத்துக்கு உரியதாக எழுதப்பட்டன. கொலைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. 2011-இல் வேறொருவர் அந்தக் கொலைக்காகத் தண்டிக்கப்பட்டார். அதே ஆண்டில் எட்டுப் பத்திரிகைகள் அந்த ஆசிரியருக்கு இழப்பீடு தந்து மன்னிப்புக் கேட்டன. அவற்றில் இரண்டுக்கு நீதிமன்ற அவமதிப்புக்காக அபராதமும் விழுந்தது. அந்த வழக்குகளைப் பத்திரிகைச் சுதந்திரத்துக்கு எதிரானவை என்று யாராவது சொல்ல முடியுமா? அவருக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

சரி, அவருக்கு வழக்கு நடத்த முடிந்தது. முடியாதவர்களை நினைத்துப் பாருங்கள். நம் பக்கங்களில் நாள்தோறும் கைதாகிறவர்களில் பெரும்பாலோர் ஜாமீனுக்கே அலைகிறவர்கள். அவர்கள் நம் மீது வழக்குப் போட மாட்டார்கள் என்பது எழுதும்போதே நமக்குத் தெரியும். அந்தத் தைரியம் நம் மொழியிலேயே தெரிகிறது.

"நகை திருடிய வாலிபர் கைது" என்று தலைப்பு வைக்கிறோம். "நகைத் திருட்டு வழக்கில் வாலிபர் கைது" என்று வைத்தால் ஒரு சொல்தான் கூடும். முதல் தலைப்பில் நாமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். இரண்டாவதில் நடந்ததை மட்டும் சொல்கிறோம். இதே கைது ஒரு தொழிலதிபருடையது என்றால், இரண்டாவது தலைப்பு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். "கூறப்படுகிறது", "குற்றம்சாட்டப்பட்டுள்ளது" எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். செய்தியின் உள்ளே போனால் இன்னும் மோசம். "போலீசாரின் கிடுக்கிப்பிடி விசாரணையில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்ற வரி எத்தனை செய்திகளில் வருகிறது! போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளி என்று நிரூபிக்கும் சாட்சியமாக இந்தியச் சட்டம் ஏற்பதில்லை. நீதிமன்றம் நம்ப மறுக்கும் ஒன்றை நாம் முடிந்துபோன உண்மையாக அச்சடிக்கிறோம்.

"போலீஸ் சொன்னதைத்தானே போட்டோம்" என்ற பதில் எல்லா இடத்திலும் நம்மைக் காப்பாற்றாது. நீதிமன்ற நடவடிக்கையை உள்ளபடி சொல்லும் செய்திக்கு அவதூறுச் சட்டத்தில் விதிவிலக்கு இருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் ஒருவர் பெயர் சொல்ல வேண்டாம் என்று காதில் போட்ட தகவலுக்கு அது கிடையாது. ஆகவே வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைச் சரியாகச் சொல்வதுதான் முதல் பாதுகாப்பு. புகார் வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு, கைது வேறு, குற்றப்பத்திரிகை வேறு, தண்டனை வேறு.

இதற்கு நல்ல உதாரணம் 1996 அட்லாண்டா ஒலிம்பிக் குண்டுவெடிப்பு. குண்டு இருந்த பையைக் கண்டுபிடித்துப் பலரைக் காப்பாற்றிய பாதுகாப்புக் காவலரையே எஃப்.பி.ஐ. சந்தேகித்தது, செய்தி வெளியே கசிந்தது. சில மாதங்களில் அவர் மீது சந்தேகம் இல்லை என்று அரசே சொல்லிவிட்டது. அவர் தொடர்ந்த வழக்குகளில் சில பெரிய ஊடகங்கள் சமரசம் செய்து பணம் கொடுத்தன. முதலில் செய்தி போட்ட உள்ளூர் நாளிதழ் மட்டும் பின்வாங்கவில்லை. அவர் இறந்த பிறகும் அந்த வழக்கு நடந்தது. 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வெளியான நேரத்தில் அந்தச் செய்திகள் சாராம்சத்தில் உண்மையே என்றது. புலனாய்வாளர்கள் அவரைச் சந்தேகித்தார்கள் என்பது அன்றைய உண்மை. அந்த வரம்புதான் அந்த நாளிதழைக் காப்பாற்றியது. ஆனால் அந்த மனிதரின் வாழ்க்கை என்ன ஆனது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பேன். சட்டப்படி ஜெயித்த செய்தியும் ஒருவரை நாசமாக்க முடியும்.

தவறு நடந்தபின் என்ன செய்கிறோம் என்பதிலும் இதே பாரபட்சம்தான். 2008-இல் வருங்கால வைப்பு நிதி மோசடி பற்றிய செய்தியில், டைம்ஸ் நவ் தொலைக்காட்சி வேறொரு நீதிபதியின் படத்துக்குப் பதிலாக உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி பி.பி. சாவந்தின் படத்தைக் காட்டிவிட்டது. சுமார் 15 விநாடிதான். 2011-இல் புணே நீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. அந்தத் தொகை நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் நானும் சொல்வேன். அப்படி ஒரு தொகை சிறிய செய்தி நிறுவனத்தை ஒரே நாளில் மூடிவிடும். ஆனால் படம் மாறிப்போனது ஒரு கூலித் தொழிலாளிக்கு என்றால் அது செய்தியாகக்கூட ஆகியிருக்காது. படம் மாறும் தவறு நம் எல்லா அலுவலகங்களிலும் நடக்கிறது. அன்றே, அதே இடத்தில், அதே அளவில் திருத்தம் போடுவதற்கு எந்த நோட்டீஸும் தேவையில்லை.

இனி மறுபக்கம்.

உண்மையான செய்திக்கு எதிராக வழக்குப் போடுகிறவர்களில் பலருக்குத் தீர்ப்பு தேவையே இல்லை. நிருபர் வாய்தா வாய்தாவாக அலைந்தால் போதும். மால்டா நாட்டின் டாஃப்னி கருவானா கலிட்சியா ஊழலையும் பணமோசடியையும் எழுதியவர். 2017 அக்டோபர் 16 அன்று கார் குண்டு வைத்துக் கொல்லப்பட்டார். அப்போது அவர் மீது 40-க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. அவர் இறந்ததும் அவை முடியவில்லை. அவர் குடும்பத்தின் தலையில் வந்து விழுந்தன. அதன்பிறகு எழுந்த குரல்களின் விளைவாக, பொதுநலன் கருதிப் பேசுகிறவர்களை முடக்கப் போடப்படும் வழக்குகளைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யவும், வழக்குப் போட்டவரிடமே செலவை வாங்கவும் வழிசெய்யும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்தது. அதை 'டாஃப்னி சட்டம்' என்றே அழைக்கிறார்கள்.

இந்தியாவில் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. இங்கே அவதூறு இன்னமும் கிரிமினல் குற்றம்தான். 2016-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. 2024 ஜூலையில் பழைய இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோதும் 356-ஆம் பிரிவாக அது தொடர்ந்தது. இரண்டாண்டு வரை சிறை விதிக்கலாம். இலங்கை 2002-இலேயே கிரிமினல் அவதூறை நீக்கிவிட்டது, பிரிட்டன் 2009-இல் நீக்கச் சட்டம் செய்தது. நம் சங்கங்கள் இதைக் கோரிக்கைப் பட்டியலின் கடைசியில் எழுதுவதை நிறுத்திவிட்டு முதலில் எழுத வேண்டும்.

சட்டம் மாறும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. நமக்குச் சாதகமாக இருப்பதையே நாம் முழுதாகப் பயன்படுத்துவதில்லை. ஆட்டோ சங்கர் வழக்கை நினைவுபடுத்துகிறேன். மரண தண்டனைக் கைதியான அவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் வெளியிடவிருந்தது. அதிகாரிகளோடு அவருக்கு இருந்த தொடர்பு அதில் வரும் என்ற நிலையில், வெளியிட்டால் சட்ட நடவடிக்கை எடுப்போம் என்று சிறைத்துறைத் தலைவரிடமிருந்து 1994-இல் கடிதம் வந்தது. பத்திரிகை பயந்து ஒதுங்கவில்லை, உச்ச நீதிமன்றம் போனது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த தீர்ப்பு, அவதூறாக இருக்கும் என்ற அச்சத்தைக் காட்டி முன்கூட்டியே வெளியீட்டைத் தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ உரிமை இல்லை என்றது. பொது ஆவணங்களில் இருப்பதை வெளியிட யாருடைய ஒப்புதலும் வேண்டாம் என்றது. பாலியல் குற்றம், ஆள்கடத்தல் போன்றவற்றில் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்துக்கு மட்டும் இது பொருந்தாது என்று கவனமாக விலக்கும் வைத்தது. ஒரு தமிழ்ப் பத்திரிகை வாங்கித் தந்த தீர்ப்பு இது. நாடு முழுவதும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

அதேபோல 2024 மார்ச்சில், ஒரு கட்டுரையை நீக்கச் சொன்ன கீழ் நீதிமன்ற இடைக்கால உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. முழு விசாரணை நடக்கும் முன் கட்டுரையைத் தடுப்பது விதிவிலக்கான சூழலில் மட்டுமே கூடும் என்றது. இவ்வளவு இருந்தும், எந்த உத்தரவும் வராமலேயே, வெறும் நோட்டீஸுக்கே நாம் செய்தியை இறக்குகிறோம். அப்படி இறக்கினால், அந்தச் செய்திக்காகப் பேட்டி கொடுத்த சாட்சியும் புகார் கொடுத்த குடும்பமும் தனித்து விடப்படுகிறார்கள். அடுத்த முறை நம் நிருபர் கதவைத் தட்டினால் யாரும் திறக்க மாட்டார்கள்.

நிருபரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவதூறு வழக்கில் அவர் பெயரும் சேர்க்கப்படுகிறது. நிறுவனம் தனக்கு மூத்த வக்கீலை வைத்துக்கொள்கிறது. வேலையை விட்டுப் போன நிருபரோ சம்மன் வந்ததும் பழைய அலுவலகத்துக்குப் போன் செய்கிறார், யாரும் எடுப்பதில்லை. பகுதிநேர நிருபர்கள் நிலை சொல்லவே வேண்டாம். நீங்கள் அனுமதித்து வெளியான செய்திக்கு, அவர் எங்கே வேலை பார்த்தாலும் வழக்கு முடியும்வரை நிறுவனமே வக்கீல் செலவை ஏற்கும் என்று நியமன ஆணையிலேயே எழுதிக் கொடுங்கள். அவரும் தன் பங்குக்குக் குறிப்பேட்டையும் பதிவுகளையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், எதிர்த்தரப்பிடம் விளக்கம் கேட்டதற்கு ஆதாரம் வைத்திருக்க வேண்டும். நோட்டீஸ் வந்தபிறகு தேடினால் எதுவும் கிடைக்காது.

கடைசியாக, விடுதலையானவர்கள் விஷயம். கைதுச் செய்திக்கு நான்கு பத்தியும் படமும் கொடுக்கிறோம். ஆறேழு வருடம் கழித்து அதே ஆள் குற்றமற்றவர் என்று விடுதலையாகும்போது பெரும்பாலும் ஒரு வரிகூடப் போடுவதில்லை. பழைய செய்தி மட்டும் தளத்தில் அப்படியே இருக்கிறது. பெண் பார்க்க வருபவரும் வேலைக்கு எடுப்பவரும் அதைத்தான் படிக்கிறார்கள். அந்தச் செய்தியை நீக்கச் சொல்லவில்லை. கைது நடந்தது உண்மை, அது ஆவணமாக இருக்கட்டும். அதன் தலையிலேயே "இவ்வழக்கில் இவர் இந்தத் தேதியில் விடுதலை செய்யப்பட்டார்" என்று சேர்க்கச் சொல்கிறேன். தீர்ப்பு நகலோடு யார் வந்தாலும், வக்கீல் இல்லாமல், அதே நாளில் இதைச் செய்துகொடுக்க ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் முகப்பிலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
குற்றச் செய்திப் பிரிவில் பணிபுரியும் ஓர் உதவி ஆசிரியர்