கவரை எடுத்துவிடு, தம்பி

அன்புள்ள தம்பி,

உன் நாடகப் பிரதி வந்து சேர்ந்தது. இரண்டு முறை படித்தேன். முதல் காட்சியிலேயே மேசைக்கு அடியில் ஒரு பழுப்புக் கவர் கைமாறுகிறது. சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நானும் ஒரு காலத்தில் லஞ்ச நாடகம் போட்டவன்தான். கவர் காட்சிக்கு விசில் பறந்தது. வெளியே வந்தவர்கள் "அந்த வில்லன் பின்னிட்டான்யா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

நீ கையில் எடுத்திருப்பது பூல்சன் விவகாரம். பிரிட்டனில் போருக்குப் பிந்தைய ஊழல்களில் இதைவிடப் பெரிய பெயர் எடுத்தது அதிகமில்லை. ஆனால் அதன் உயிர் கவரில் இல்லை, 'ஆலோசனைக் கட்டணம்' என்ற சொல்லில் இருக்கிறது. ஜான் பூல்சன் யார்க்‌ஷையரில் பான்டிஃப்ராக்ட் என்ற சின்ன ஊரிலிருந்து தொழில் நடத்திய கட்டடக் கலைஞர். டி. டான் ஸ்மித் 1960 முதல் 1965 வரை வட இங்கிலாந்தின் நியூகாஸில் நகரசபையின் தலைவர். ஸ்மித்தின் மக்கள் தொடர்பு நிறுவனங்கள் பல ஊர்க் கவுன்சிலர்களைச் சம்பளம் கொடுத்து ஆலோசகர்களாக வைத்துக்கொண்டன. அந்தக் கவுன்சிலர்கள் உட்காரும் கமிட்டிகளிலிருந்து பூல்சனுக்கு வேலை வரும். எல்லாம் கணக்கில், கடிதத்தில், மரியாதையாக. அதை மேடையில் காட்டுவதுதான் கஷ்டம். உன் திறமையை அங்கே காட்டு.

உனக்கு நாடகக்காரனுக்கே உரிய ஒரு விஷயம் சொல்கிறேன். அன்றைய பெரிய அரசியல்வாதி ரெஜினால்ட் மாட்லிங்கின் மனைவி ஒரு நாடக அரங்குக்காகப் பாடுபட்டுவந்தார். அந்த அரங்குக்கு நன்கொடை தருவதாக எழுதிக் கொடுத்தவர் பூல்சன். மாட்லிங் பூல்சனின் ஒரு நிறுவனத்துக்குத் தலைவராகவும் இருந்தார். 1972 ஜூலையில் லண்டன் போலீஸ் விசாரணை தொடங்கியபோது அவர் உள்துறை அமைச்சர், அந்தப் போலீஸே அவருடைய பொறுப்பில். அதனால் ராஜினாமா செய்தார். அவர்மேல் கடைசிவரை வழக்கு வரவில்லை. நல்ல காரியத்துக்கு, அதுவும் நம் கலைக்கு, கொடுத்த காசு! இந்தக் காட்சி உன் பிரதியில் இல்லவே இல்லையே, ஏன்?

அப்புறம், ஸ்மித். அவரைக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் வில்லனாக எழுதியிருக்கிறாய். தப்பு. சுரங்கத் தொழிலாளியின் மகன், வீடுகளுக்குப் பெயின்ட் அடித்துப் பிழைத்தவர். நகரத்தின் பாழடைந்த குடியிருப்புகளை இடித்து நியூகாஸிலை 'வடக்கின் பிரேசிலியா' ஆக்குவேன் என்றார் (பிரேசில் புதிதாகத் திட்டமிட்டுக் கட்டிய தலைநகர் அது), அதை நிஜமாகவே நம்பவும் செய்தார். இடைவேளை வரைக்கும் அவர் பேசப் பேச, பார்க்கிறவனுக்கு அவருக்கு ஓட்டுப் போடத் தோன்ற வேண்டும். அது நடக்காவிட்டால் இரண்டாம் பாதியில் யாருக்கும் வலிக்காது.

இரண்டாம் பாதிக்கு வேக்ஃபீல்ட் ஊரில் நடந்த திவால் விசாரணை போதும். பூல்சன் பிடிபட்டது போலீஸ் துரத்தி அல்ல, திவாலாகி. 1972-இல் கடன்காரர்கள் சார்பில் மியூர் ஹன்டர் என்ற வழக்கறிஞர் காகிதம் காகிதமாக எடுத்துவைத்துக் கேள்வி கேட்டார். பூல்சன் எதையும் கிழித்துப் போடாத மனிதர். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கட்டுக்கட்டாக ஃபைல். லைட்டை மாற்றாதே, பின்னணி இசை வேண்டாம். அடுத்த காகிதத்தைப் புரட்டும் சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்கட்டும்.

பீட்டர் ஃபிளானரி இதே விவகாரத்தை வைத்து எழுதிய நாடகத்தை ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 1982-இல் போட்டது. அது பிபிசியில் தொடராக வர 1996 ஆனது. வழக்கு வருமோ என்ற பயமும் தாமதத்துக்கு ஒரு காரணம். தொடரில் ஸ்மித்தின் சாயல் ஆஸ்டின் டானஹ்யூ என்ற பெயரில் வந்தது. பூல்சனும் ஸ்மித்தும் 1993-லேயே இறந்துவிட்டார்கள். நீ நிஜப் பெயர்களையே வை, நீதிமன்றத்தில் நிரூபணமானதோடு நிறுத்திக்கொள்.

முடிவைப் பற்றிக் கேட்டிருந்தாய். 1974-இல் ஸ்மித் குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஆறு ஆண்டு தண்டனை. சிறைக்குப் போகிற இடத்தில் நீ திரையைப் போட்டுவிட்டாய். வெளியே வந்தபின் அவர் குடியிருந்தது நியூகாஸிலின் க்ரடஸ் பார்க் பகுதியில், தன் காலத்தில் எழுந்த அடுக்குமாடி ஒன்றில், வாடகைக்காரராக. அங்கே வீட்டு ஜன்னலோரம் அவரை ஒரு நிமிடம் சும்மா நிற்கவை. வசனம் எழுதிவிடாதே.

ஒத்திகை எந்தக் கிழமை என்று சொல். வந்து பின் வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்