கோவலனுக்கு ஒரே ஒரு நீதிதானா?

தமிழ்ப் பாடத்துக்கு வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வில் சிலப்பதிகாரத்திலிருந்து நீங்கள் கேட்ட கட்டுரை வினா உங்களுக்கு மறந்திருக்காது. ‘கோவலன் வாழ்க்கை உணர்த்தும் நீதியை விளக்குக.’ அதற்கு நீங்கள் அனுப்பிய விடைக்குறிப்பும் கோப்பில் இருக்கும்: ஒழுக்கம் தவறியவன் பொருளை இழப்பான், மானத்தை இழப்பான், முடிவில் உயிரையும் இழப்பான். அப்படி எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண். அப்படி எழுதாதவர்களுக்காகத்தான் இந்த மடல்.

என் வகுப்பு மாணவி ஒருத்தி தன் கட்டுரையை இப்படித் தொடங்கியிருந்தாள்: ‘கோவலன் தவறான வழியில் போனபோது சாகவில்லை, திருந்தி வந்த பிறகுதான் செத்தான்.’ தொடர்ந்து காரணமும் எழுதியிருந்தாள். மாதவியோடு இருந்த காலத்தில் அவனுக்குப் பொருள் போனது, உயிருக்கு ஒன்றும் நேரவில்லை. முன்னோர் தேடிய செல்வத்தைத் தொலைத்துவிட்டோமே என்று நாணி மனைவியிடம் திரும்புகிறான். அவள் கொடுத்த சிலம்பை முதலாக வைத்துப் பிழைக்கலாம் என்று மதுரைக்கு நடக்கிறான். வழியில் மாதவியின் ஓலை வருகிறது. படித்ததும் அவள்மேல் தவறில்லை, ‘என் தீது’ என்று உணர்கிறான். இப்படி எல்லாவற்றையும் சரிசெய்யத் தொடங்கிய மனிதனைத்தான் மதுரையில் வெட்டுகிறார்கள். ‘அவனைக் கொன்றது அவன் செய்த தவறு இல்லை, விசாரிக்காத அரசன்’ என்று முடித்திருந்தாள்.

தாள் வேறு பள்ளிக்குத் திருத்தப் போய் வந்தது. அந்த முதல் வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் ‘விடைக்குறிப்பில் இல்லை’. பாதி மதிப்பெண்கூட வரவில்லை. திருத்தியவரை நான் குறை சொல்ல மாட்டேன். குறிப்பில் இல்லாததற்கு மதிப்பெண் போட்டால் அவரிடம்தான் விளக்கம் கேட்பார்கள். கட்டுக் கட்டாகத் தாள் முன்னால் இருக்கும்போது யாருக்கு வம்பு?

அடுத்து வந்த திருப்புதல் தேர்வில் அதே வினா. அவள் உரைநூலில் இருந்த ஐந்து வரியை அப்படியே எழுதினாள். முழு மதிப்பெண். வீட்டில் சந்தோஷம், தலைமையாசிரியருக்கும் சந்தோஷம். மதிப்பெண் போனதைவிட இதுதான் எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது, அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். அரையாண்டுக்கு முன்னால் ஒருநாள் நீர்ப்படைக் காதையைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாண்டியன் இறந்த பிறகு கொற்கையிலிருந்து வந்த வெற்றிவேற் செழியன், கண்ணகிக்காக ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்ட இடம். இவள் எழுந்தாள். “தமிழம்மா, சிலம்பைத் திருடுனது ஒருத்தன்தானே? மத்த ஆயிரம் பேரு என்ன பண்ணாங்க?” வகுப்பே பேச ஆரம்பித்துவிட்டது. மணி அடித்தும் யாரும் எழவில்லை. என்னிடம் பதில் இல்லை என்பதைச் சொன்னேன், அதுவும் அவர்களுக்குப் பிடித்திருந்தது. இப்போது அதே பெண் எந்தப் பாடத்தை எடுத்தாலும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பது ஒன்றுதான்: “இதுக்கு ஆன்சர் கீயில என்னம்மா இருக்கும்?”

ஐயா, அம்மா, நான் கேட்பது ஒன்றே ஒன்று. பாடலிலிருந்து சான்று காட்டி மாணவர் எழுதும் மாற்றுக் கருத்துக்கும் முழு மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பில் ஒரு வரி சேருங்கள்.

நூலில் இல்லாததை மாணவர்கள் இட்டுக்கட்டிவிடுவார்கள் என்று அஞ்சுகிறீர்கள் போலும். உங்கள் விடைக்குறிப்பு நூலில் எங்கே இருக்கிறது என்று தயவுசெய்து ஒருமுறை பாருங்கள். காப்பியம் எதைச் சொல்ல வந்தது என்று நூலின் முன்னுரையான பதிகமே மூன்று செய்திகளைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. அரசியல் பிழைத்தோர்க்கு அறமே கூற்றுவனாகும், புகழுடைய பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவர், ஊழ்வினை வந்து பயன் தரும். கணிகையிடம் போனவன் தலை போகும் என்பது இந்த மூன்றில் எது?

ஊழ்வினைதான் என்பீர்கள். சரி, அந்த ஊழ் எது? கட்டுரைக் காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் அதையும் சொல்கிறது. முற்பிறப்பில் கோவலன் பரதன் என்ற அரச ஊழியன். சிங்கபுரத்துக்கு வணிகம் செய்ய வந்த சங்கமனைப் பகை நாட்டு ஒற்றன் என்று அரசனிடம் காட்டிக்கொடுத்துக் கொல்லச் செய்தான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, சாபம் இட்டுவிட்டு மலையிலிருந்து விழுந்து இறந்தாள். பழைய வினையிலும் மாதவி இல்லை, அவளைப் பிரியக் காரணமான கானல்வரிப் பாட்டும் இல்லை. அங்கேயும் ஒரு பொய்க் குற்றச்சாட்டு, ஒரு வணிகன், அவன் சொல்லைக் கேளாத ஓர் அரசன். என் மாணவி கட்டுரைக் காதையைப் படித்ததில்லை. படிக்காமலே இளங்கோவடிகளின் பக்கத்தில் போய் நின்றிருக்கிறாள். நாம் அவளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வெளியே நிறுத்தினோம்.

அரசன் ஆணையிடும் இடத்தையே பாருங்கள். ‘வினைவிளை காலம் ஆதலின்’ என்று ஊழைச் சொன்ன கையோடு, அடுத்த அடியிலேயே அவன் ‘தேரான் ஆகி’ ஆணையிட்டான் என்கிறார் அடிகள். விதி என்று ஒரு மாணவன் எழுதினாலும் சான்று உண்டு, மன்னன் விசாரிக்காமல் விட்டது என்று இன்னொருத்தி எழுதினாலும் சான்று உண்டு. கண்ணகியை எடுத்துக்கொண்டு ஒருவர் எழுதலாம். பிரிந்த கணவன் திரும்ப வரக் குளத்தில் நீராடிக் காமனைத் தொழச் சொன்ன தோழியிடம் ‘பீடன்று’ என்று மறுத்தவள் அவள். அதே கண்ணகி, கணவன் கிளம்பு என்றதும் மறுபேச்சில்லாமல் கிளம்புகிறாள். இந்த இரண்டு முடிவும் ஒருத்தியுடையவை. எதனால் எது விளைந்தது என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளை யோசிக்க இதைவிட நல்ல இடம் ஏது?

உங்கள் வினாத்தாள்களைப் புரட்டும்போது ஒன்று கண்ணில் படுகிறது, மன்னிக்க வேண்டும். கோவலனின் தவறுக்கு நெடுவினா. ஆராயாமல் தீர்ப்புச் சொன்ன அரசனுக்குப் பொருத்துக பகுதியில் ஒரு மதிப்பெண். பதிகம் முதலில் வைத்ததை நாம் கடைசியில் வைத்திருக்கிறோம். ஒழுக்கம் மாணவர்களுக்குத்தானே வேண்டும், ஆட்சியில் இருப்பவர்களுக்கு எதற்கு என்று யாராவது நினைத்திருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

சிலம்போடு நிற்கும் நோயும் இல்லை இது. புறநானூற்றின் 192ஆம் பாடலில் ‘தீதும் நன்றும் பிறர்தர வாரா’ என்ற அடி எல்லாச் சுவரிலும் எழுதப்பட்டிருக்கிறது. அதே பாடலில் உயிர் ஆற்றோடு போகும் புணை போல முறைவழி செல்லும் என்று வருவதைச் சுவரில் எழுத யாருக்கும் மனம் வருவதில்லை. குறளில் 380 ஊழைவிட வலியது எது என்று கேட்கிறது, 620 ஊழையும் முதுகு காட்டச் செய்யலாம் என்கிறது. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. துணைப்பாடச் சிறுகதைகளின் நிலை இன்னும் மோசம். எட்டுப் பக்கத்தில் ஒரு மனிதர் திணறித் திணறி ஒரு முடிவெடுப்பார். கடைசியில் ‘இக்கதை உணர்த்தும் கருத்து யாது?’ என்று கேட்டு அந்தத் திணறலைப் பிழிந்து உலர்த்திவிடுவோம். பிறகு மேடையேறி, பிள்ளைகள் புத்தகமே படிப்பதில்லை என்று வருந்துவோம்.

கோபத்தில் சற்று எல்லை மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சிக்கலும் எனக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான தாள்களை வெவ்வேறு கைகள் திருத்தும்போது பொதுவான அளவுகோல் ஒன்று வேண்டும். விடைக்குறிப்பையே எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அளவுகோலை நீதியில் வைக்காமல் சான்றில் வையுங்கள். நூலிலிருந்து இரண்டு நிகழ்ச்சிகள் காட்டினானா, அவற்றுக்கும் அவன் சொல்லும் கருத்துக்கும் தொடர்பு காட்டினானா என்று பார்ப்பது, ஐந்து வரி மனப்பாடத்தைச் சரிபார்ப்பதைவிட ஒன்றும் கடினமில்லை. வினாவையும் சற்று மாற்றலாம். ‘கோவலனின் இறப்புக்கு யாருடைய எந்த முடிவு முதன்மைக் காரணம்? சான்றுடன் எழுதுக’ என்று கேட்டுப் பாருங்கள். திருத்துகிறவருக்கும் தூக்கம் வராது.

அந்தப் பெண்ணின் தாளுக்கு மறுமதிப்பீடு கேட்டு நான் எழுதவில்லை. அந்தத் தேர்வு முடிந்துவிட்டது. முழு ஆண்டுத் தேர்வின் விடைக்குறிப்பு இன்னும் முடிவாகியிருக்காது என்று நம்புகிறேன். அதில் அந்த ஒரு வரியைச் சேர்த்துத் தாருங்கள். வாசகத்தை நீங்களே அமைத்தாலும் சரி, பொருள் மாறாமல் இருந்தால் போதும். திருத்தும் பணிக்கு வரும் ஆசிரியர்களுக்கு அதை வாய்மொழியாகச் சொல்லாமல், அச்சிட்ட குறிப்பிலேயே தருமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மேல்நிலை வகுப்புக்குத் தமிழ் நடத்தும் ஓர் ஆசிரியை