உக்கும் என்றால் எங்கே, எத்தனை நாளில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பழைய பெயின்ட் வாளி ஒன்று இருக்கிறது. அடியில் நாலைந்து ஓட்டை போட்டு மண், காய்ந்த இலை, மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை எல்லாம் நிரப்பி வைத்திருக்கிறேன். ஐந்து மாதத்துக்கு முன்னர் அதற்குள் நான்கு துண்டுகளைப் புதைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் ஈர்க்குக் குத்தி அடையாளம் வைத்தேன். ஒன்று வாழையிலை. இரண்டாவது, கடையில் காசு கொடுத்து வாங்கிய சாதாரண ஷொப்பிங் பேக். மூன்றாவது, 'உக்கும்' என்று பச்சை எழுத்தில் அச்சடித்த லஞ்ச் ஷீட், அதாவது சோற்றுப் பார்சல் சுற்றுகிற மெல்லிய தாள், புறக்கோட்டையில் வாங்கியது. நான்காவது, வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன் கொண்டுவந்த சமையலறைக் குப்பைப் பை. வீட்டுத் தொட்டியிலேயே உக்கும் என்று சான்றிதழ் இலக்கத்தோடு அதில் போட்டிருந்தது.

போன ஞாயிறு தோண்டினேன். வாழையிலை இருந்த இடமே தெரியவில்லை. நான்காவது, கையில் எடுத்தவுடன் நனைந்த அப்பளம் போலப் பிய்ந்தது, பாதிக்கு மேல் காணவில்லை. ஷொப்பிங் பேக்கைக் கழுவினால் இன்னொரு தடவை கடைக்குக் கொண்டுபோகலாம். மூன்றாவதால்தான் இந்தக் கடிதம். அதிலிருந்த பச்சை எழுத்தைக் கண்ணாடி போடாமலேயே வாசிக்க முடிந்தது.

ஒரு வாளியை வைத்துக்கொண்டு வழக்குப் பேச முடியாது, தெரியும். ஆனால் இதே வேலையை இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகக்காரர் ஒழுங்காகச் செய்து 2019இல் வெளியிட்டார்கள். மூன்று வருடம் மண்ணிலும் கடலிலும் கிடந்த 'உக்கும்' பை ஒன்று, வெளியே எடுத்தபோது கடைச் சாமான்களை அப்படியே தாங்கியது. கொம்போஸ்ட், அதாவது கூட்டெரு, ஆகும் என்று சான்றிதழ் பெற்ற பை கடலில் மூன்று மாதத்துக்குள் காணாமல் போனது. அதே பை மண்ணுக்குள் 27 மாதத்துக்குப் பிறகும் கிடந்தது, சாமான் போட்டால் கிழிந்தது, அவ்வளவுதான். ஒரே பை, இடத்துக்கு இடம் வேறு கதை.

நான் படித்த விஞ்ஞானி இல்லை. ஜா-எல பக்கம் ஒரு பொலித்தீன் தொழிற்சாலையில் 19 வருடம் பிலிம் ஊதும் மெஷினில் நின்றவன். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து நீர்கொழும்பு தொடக்கம் கரையெல்லாம் வெள்ளை மணிகள் ஒதுங்கினவே, அந்த மாதிரி மணிகளைத்தான் நாங்கள் மூடை மூடையாக மெஷினில் கொட்டுவோம். அது உருகி, வட்டமான ஒரு இடுக்கால் குழாய் போல மேலே வரும், உள்ளே காற்றை ஊதினால் ஆள் உயரத்துக்கு மேல் பலூனாக எழும்பும். மேலே போகப் போக ஆறி, உருளைகளுக்கு நடுவில் தட்டையாகி, ரோலாகச் சுற்றும். ஷொப்பிங் பேக், லஞ்ச் ஷீட் எல்லாம் இப்படித்தான் பிறக்கின்றன.

2017 சித்திரைப் புத்தாண்டு அன்று கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்ல குப்பை மலை சரிந்து 30க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். அதே வருடம் செப்டெம்பர் 1 முதல் பொலித்தீன் லஞ்ச் ஷீட்டுக்கும் ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பெட்டிக்கும் மெல்லிய சரசரப் பைகளுக்கும் தடை வந்தது. உடனே எங்கள் முதலாளி உக்கும் மணி கொஞ்சம் இறக்கினார். பொலித்தீன் மணியைவிட விலை இரண்டு மடங்குக்கு மேல். அதே மெஷின், அதே ஆட்கள், சூட்டைக் கொஞ்சம் குறைத்தால் சரி என்று நினைத்தோம். முதல் நாள் பலூன் எழும்பவே இல்லை. உருகியது கஞ்சி மாதிரி ஒழுகியது.

காரணம் ஈரம். இந்த மணியைக் காயவைத்துத்தான் போட வேண்டும், எங்கள் ஊர்க் காற்றில் மூடையைத் திறந்து வைத்தாலே தண்ணீரை இழுத்துவிடும். பிளாஸ்டிக் எல்லாமே பொலிமர், நீளச் சங்கிலி போலக் கோத்த மூலக்கூறு. அந்தத் தண்ணீர் சூட்டில் சேர்ந்து இந்தச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டும். யோசித்தால் அதுதான் இந்தச் சரக்கின் சூட்சுமமும். பொலித்தீனின் சங்கிலி கரியும் கரியும் கோத்தது, தண்ணீராலும் கிருமியாலும் அதை லேசில் கடிக்க முடியாது. உக்கும் பிலிமின் சங்கிலியில் இடைக்கிடை எஸ்டர் என்ற கண்ணி இருக்கிறது, முதலில் தண்ணீர் அதை வெட்டும், பிறகு பக்டீரியாவும் பூஞ்சணமும் மிச்சத்தைத் தின்று காபனீரொட்சைட்டும் தண்ணீரும் ஆக்கும். மெஷினில் எங்களுக்குத் தொல்லை தந்த அதே குணம்தான் மண்ணில் வேலை செய்ய வேண்டிய குணம். ரோலை ஒரு வருடத்துக்கு மேல் ஸ்டோரில் வைத்தால் மொறுமொறுத்துப் போகும் என்று சொல்வதும் இதனால்தான்.

காயவைத்துப் போட்டதும் பலூன் எழும்பியது. அப்புறம் வேறு கரைச்சல்கள் வந்தன, பிலிம் ஒன்றோடொன்று ஒட்டியது, பையின் வாயைத் திறக்க விரலை நக்க வேண்டியிருந்தது. ஆனால் முதலாளியை உட்கார வைத்தது ஒட்டல் இல்லை, தராசு. தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால் பொலித்தீன் சுமார் 0.92, இந்தச் சரக்கு 1.25க்குக் கிட்ட. மணி வாங்குவது கிலோக் கணக்கில், பை விற்பது எண்ணிக்கையில். ஒரே அளவு, ஒரே தடிப்பு என்றால் பொலித்தீனில் 100 பை வரும் எடைக்கு இதில் 73, 74தான் வரும். விலையும் கூட, எண்ணிக்கையும் குறைவு. இதைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் யாரும் இந்தக் கணக்கைச் சொல்லிக் கேட்டதில்லை.

மரவள்ளி மாவிலேயே பை செய்யலாமே என்று கேட்பார்கள். செய்யலாம். மாவோடு கிளிசரினும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்துச் சூடாக்கிப் பிசைந்தால் பிளாஸ்டிக் மாதிரி இளகும். ஆனால் தனி மாப் பிலிம் காய்ந்தால் முறியும், ஈரம் பட்டால் கூழாகும், பருப்புக் கறிக்கு முன்னால் ஐந்து நிமிடம் நிற்காது. ஆகவே மாவை பி.பி.ஏ.டி. என்ற நெகிழ்வான பொலிமரோடு கலக்கிறார்கள், சோளத்திலிருந்து வரும் பி.எல்.ஏ. என்ற இன்னொரு பொலிமரையும் சேர்ப்பார்கள். பி.பி.ஏ.டி. பெரும்பாலும் பெற்றோலிய எண்ணெயிலிருந்து வருவது, ஆனாலும் உக்கும். கரும்பிலிருந்து செய்கிற பொலித்தீனும் உலகத்தில் இருக்கிறது, அது உக்காது. எதிலிருந்து வந்தது என்பது வேறு, எதுவாக மாறும் என்பது வேறு. பையில் செடிப் படம் போடுகிறவர்கள் இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்புகிறார்கள்.

இன்னொரு குழப்பத்தில் எனக்கும் பங்கு உண்டு. தடைக்கு முந்திய காலத்தில் சாதாரண பொலித்தீன் மணி 100 கிலோவுக்கு ஒரு கிலோ அளவில் ஒரு மருந்து கலந்து, 'சூழலுக்கு உகந்தது' என்று அச்சடித்து அனுப்பினோம். மங்கனீசு, கோபால்ட் போன்ற உலோக உப்பு அதற்குள் இருக்கும், வெயில் பட்டால் பொலித்தீன் பொடிப்பொடியாகும். அது உக்குவது இல்லை, உதிர்வது. கண்ணுக்குத் தெரியாத பொலித்தீனாக மண்ணிலும் கால்வாயிலும் கிடக்கும். ஐரோப்பிய ஒன்றியம் அந்தச் சரக்கை 2021 ஜூலையோடு தடை செய்துவிட்டது. என் வாளியில் கிடக்கிற மூன்றாவது துண்டு அந்த வம்சமோ, சுண்ணாம்புத் தூள் கலந்த வெறும் பொலித்தீனோ, என் மூக்குக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. விற்ற கடையில் போய்க் கேட்டேன். "ஐயா, பச்சை எழுத்துப் போட்டிருக்குத்தானே" என்றார்கள்.

பச்சை எழுத்துக்குப் பின்னால் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு உலகத்தில் வரையறை இல்லாமல் இல்லை. ஐரோப்பாவின் இ.என். 13432 என்ற நியமத்தை எடுங்கள். பிலிமைச் சூடான கொம்போஸ்ட்டில் போட்டு 12 கிழமைக்குப் பிறகு 2 மில்லிமீற்றர் கண் அரிதட்டில் அரித்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கக் கூடாது. ஆறு மாதத்துக்குள் 90 வீதம் உக்கித் தீர வேண்டும். பார உலோகம் அளவோடு இருக்க வேண்டும், அந்த எருவில் பயிர் நட்டால் ஒழுங்காக வளரவும் வேண்டும். ஆனால் அங்கே வெப்பநிலை 58 பாகை. பெரிய கொம்போஸ்ட் குவியலின் நடுவில் அந்தச் சூடு தானாகவே வரும், என் பெயின்ட் வாளியில் ஒருநாளும் வராது. வீட்டுத் தொட்டிக்கான சான்றிதழ் வேறு, அது 20 முதல் 30 பாகையில், ஒரு வருடக் கணக்கில் பார்ப்பது. குளிர்நாட்டுக்காரனுக்கு அந்தச் சூட்டைக் கோடையில்தான் காணலாம், கொழும்பில் அது நமக்கு வருடம் முழுக்க வாசலிலேயே கிடைக்கிறது. மருமகனின் பை என் வாளியில் கரைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெரிய குவியலுக்கு நம் பை போய்ச் சேருகிறதா என்றும் கேட்க வேண்டும். கொழும்புக்கு வடக்கே கெரவலப்பிட்டியில் 2021இலிருந்து குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். அந்த உலைக்குள் போனால் இரண்டு மடங்கு விலை கொடுத்த உக்கும் பையும் ஒன்று, சாதாரணப் பையும் ஒன்று. காற்றுப் புகாத குப்பை மேட்டுக்கு அடியில் அகப்பட்டு உக்கினால் மீதேன் வரும், அது காபனீரொட்சைட்டைவிட மோசம். பொலித்தீன் மீள்சுழற்சிக் காரரிடம் போய்க் கலந்தால் அவருடைய பிலிமில் ஓட்டை விழும். ஆக, இந்தப் பைக்கு நல்ல கதி ஒன்றே ஒன்றுதான்: உணவுக் கழிவோடு சேர்ந்து கொம்போஸ்ட் முற்றத்துக்குப் போவது.

அப்படியானால் எந்தப் பொருளை முதலில் மாற்ற வேண்டும்? என் மனைவி கொட்டாஞ்சேனையில் மத்தியானச் சோற்றுப் பார்சல் கொடுக்கிறார், நாளைக்கு நாற்பது வரை போகும். அதை வைத்துச் சொல்கிறேன், லஞ்ச் ஷீட்தான் முதல். கறியும் எண்ணெயும் ஒட்டிய ஷீட்டை யாரும் கழுவி மீள்சுழற்சிக்குக் கொடுப்பதில்லை. மிச்சச் சோறு, முருங்கைக்காய்ச் சக்கை, மீன் முள் எல்லாவற்றோடும் சுருட்டித்தான் எறிவோம், அப்படியே கொம்போஸ்ட்டுக்குப் போகக்கூடிய ஒரு பொதி அது. சமையலறைக் குப்பைப் பையும் அதே ரகம். இத்தாலியில் 2011இலிருந்து சாதாரண பொலித்தீன் கைப்பையை நிறுத்தி உக்கும் பையைக் கொடுத்தார்கள், கடையில் சாமான் கொண்டுவந்த அதே பையில் வீட்டு உணவுக் கழிவைக் கட்டிக் கொடுக்கலாம், மிலான் நகரத்தில் அதைத் தனியாகவே சேர்க்கிறார்கள். பையும் குப்பை லொறியும் முற்றமும் ஒரே சங்கிலி.

நாம் செய்வதோ தலைகீழ். பேச்செல்லாம் ஷொப்பிங் பேக்கைப் பற்றியே. அதற்கு உக்கும் பிலிம் தேவையே இல்லை, ஓலைப்பையோ துணிப்பையோ போதும். 2025 நவம்பரிலிருந்து கைப்பிடி வைத்த பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது, பில்லில் விலை போட வேண்டும் என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை சொன்னது. அதற்குப் பிறகு எங்கள் தெருவிலேயே வீட்டிலிருந்து பை கொண்டுபோகிறவர்களைப் பார்க்கிறேன், நானும் மறந்து போய்க் காசு கொடுத்து இரண்டு தடவை ஏச்சு வாங்கிய பிறகு திருந்தியவன்தான்.

வாழையிலை இருக்கிறதே என்பீர்கள். லம்பிரைஸ் என்ற சோறும் கறியும் சேர்த்துக் கட்டிய பொதி இன்றைக்கும் அதில்தான் வருகிறது, மணமே தனி. ஆனால் நாற்பது பார்சலுக்கு வாட்டின இலையைத் தினமும் கொழும்பில் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும்.

கேட்பது பெரிய விஷயமில்லை. எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரையைப் பார்த்து வயரும் பல்பும் வாங்கப் பழகிய சனங்கள் நாங்கள். 'உக்கும்' என்று அச்சடிக்கிற எந்த ஷீட்டிலும் வீட்டுத் தொட்டியிலா பெரிய முற்றத்திலா, எத்தனை நாளில், எந்த நியமத்தின்படி, யார் செய்தது, எந்த மாதம் ஊதியது என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுத வேண்டும் என மத்திய சுற்றாடல் அதிகார சபை கட்டாயமாக்கட்டும். கடையில் இருக்கும் ரோலை அவ்வப்போது எடுத்துச் சோதிக்கட்டும், சுண்ணாம்புத் தூள் ஏமாற்று அதில் பிடிபடும். ஒழுங்காகச் செய்கிற சின்னத் தொழிற்சாலைக்கு அந்த மணியின் இறக்குமதி வரியைக் குறைக்கட்டும், ஏனென்றால் நேர்மையாக ஊதுகிறவன் பச்சை மை மட்டும் பூசுகிறவனோடு விலையில் போட்டி போட்டுத்தான் படுத்துவிடுகிறான், எங்கள் முதலாளி மூன்றாம் மாதம் விட்டதும் இதனால்தான். 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தி நாடு முழுக்கக் கூட்டெருவுக்கு அலைந்தோமே, அப்போது கொழும்பின் சோற்றுக் குப்பை எங்கே கிடந்தது என்று யாராவது கேட்டார்களா?

வாளியைத் திரும்ப மூடி வைத்திருக்கிறேன், மூன்றாவது ஈர்க்கு இன்னும் நிற்கிறது. தீபாவளிக்கு முன்னர் மறுபடி தோண்டுவேன். படம் எடுத்து அனுப்பினால் போடுவீர்களா?

இப்படிக்கு,
முன்னாள் பொலித்தீன் தொழிலாளி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.