பச்சை வால்நட் பற்றிப் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பச்சை வால்நட்டைச் சாராயத்தில் போட்டு நீ அனுப்பிய படம் வந்தது. பாட்டிலைவிட உன் விரல்தான் முதலில் கண்ணில் பட்டது. கையுறை போடாமல் வெட்டியிருக்கிறாய். சோப்பு, எலுமிச்சை என்று தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளாதே. வால்நட்டின் பச்சைத் தோலில் இருப்பது காற்றுப் பட்டதும் ஜக்லோன் என்ற சாயமாக மாறி நம் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கழுவினால் போகாது. மேல்தோல் உதிர உதிரத்தான் மங்கும், இரண்டு மூன்று வாரம் ஆகலாம். எரிச்சலோ கொப்புளமோ வந்தால் டாக்டரிடம் காட்டு.

காயை நன்றாகப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறாய், அதைச் சொல்லியே ஆக வேண்டும். குறுக்கே வெட்டிய துண்டில் ஓட்டின் கோடே தெரியவில்லை. நடுவில் பருப்பு இருக்க வேண்டிய இடத்தில் நுங்குபோலக் கலங்கலாக இருக்கிறது. அதுதான் பதம். அடுத்த முறை வெட்டாமலே தெரிந்துகொள்ளலாம். ஊசியைக் காம்புப் பக்கம் குத்தாதே, எதிர் முனையில் குத்து. ஓடு அந்த முனையில்தான் முதலில் கட்டும். உள்ளே எங்காவது நெறநெறவென்று தடுத்தால் அந்தக் காய் வேண்டாம். கீழே விழுந்ததையும் கரும்புள்ளி விழுந்ததையும் எடுக்காதே.

ஆனால் ஊறப்போடாமல் நேரே சாராயத்தில் போட்டிருக்கிறாய். பச்சையாகக் கடித்தால் நாக்கு இழுத்துக்கொள்ளுமே, அது டானின். பாகில் போடுகிறவர்கள் தோலை மெல்லச் சீவி, குத்தித் துளை போட்டு, ஒரு வாரம் பத்து நாள் தண்ணீரில் ஊறவைப்பார்கள். தினம் இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்ற வேண்டும். முதலில் மை மாதிரி வரும், பிறகு தேநீர் நிறம், கடைசியில் தெளியும். தெளிந்த பிறகுதான் வேகவைப்பது. காய் குழையாமல் இருக்கச் சிலர் நடுவில் ஒரு நாள் சுண்ணாம்புத் தெளிநீரில் போடுவார்கள். அப்படிப் போட்டால் ஏழெட்டுத் தடவை அலச வேண்டும். வினிகர் ஊறுகாய்க்கு வேறு வழி: லிட்டருக்கு 100 கிராம் உப்புக் கரைசலில் ஒரு வாரத்துக்கு மேல், நடுவில் கரைசலை மாற்றி. எதற்குமே இரும்புச் சட்டி ஆகாது, டானின் இரும்போடு சேர்ந்து எல்லாம் கருத்துவிடும். சாராயத்தில் போட்டால் இந்தக் கழிவு எதுவும் வெளியே போவதில்லை. முழுக்க உன் வயிற்றுக்குத்தான். வயிறு கட்டும், குமட்டும். உனக்கு ஏற்கெனவே அந்தத் தொந்தரவு உண்டு.

நல்லதே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிஞ்சில் வைட்டமின் சி ஏராளம். ஊறவைத்து வேகவைத்தால் பெரும்பகுதி போய்விடும். இதயத்துக்கு நல்லது என்று எழுதுகிறார்களே, அது முற்றின பருப்பைப் பற்றியது. 100 கிராம் பருப்பில் 65 கிராம் கொழுப்பு, அதில் 9 கிராம் தாவர ஒமேகா-3. பிஞ்சில் அந்த எண்ணெய் இன்னும் சேர்ந்திருக்காது. பருப்பின் பெருமையைப் பிஞ்சுக்குச் சூட்டிவிடுகிறார்கள். பாகில் போட்டது ஆசைக்கு ஒன்று சாப்பிடலாம், மருந்து என்று நினைக்காதே. ஒரு மேசைக்கரண்டி பாகிலேயே சர்க்கரை பத்து கிராமுக்குக் குறையாது.

சின்னவன் வரும்போது அந்தப் பாட்டிலை எட்டாத இடத்தில் வை. அவனுக்கு எது ஆகாது என்று உனக்குத் தெரியும். ஊறவைத்தாலும் கொதிக்கவைத்தாலும் அலர்ஜி போகாது. நாக்கு அரிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் என்று போகும். அதில் போட்ட கரண்டியை வேறு எதிலும் போடாதே.

இதில் அயோடின் நிறைய இருக்கிறது, அதனால் தைராய்டுக்கு நல்லது என்று எழுதியிருந்தாய். பாப்பா, அந்தப் பழுப்பு நிறம் அயோடின் இல்லை. உன் விரலில் இருக்கும் அதே ஜக்லோன்தான். பெரியவர்களுக்கு ஒரு நாளுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும், அயோடின் உப்பே பெரும்பாலும் அதைக் கொடுத்துவிடும். அப்படியே இதில் இருந்தாலும் உனக்கு வந்தது அயோடின் குறைவால் இல்லை. உன் உடம்பே அந்தச் சுரப்பியைத் தாக்குகிற வகை. அதற்கு அயோடின் அதிகமானால் கெடுதல்தான்.

காலையில் இரண்டு ஸ்பூன் என்று எழுதியிருந்தாய். காலையில் இன்னொன்றும் உண்டே, அதைப் பற்றி ஒரு வரி இல்லை. போன வாரமும் இல்லை. நான் கேட்கவில்லை, எழுதிவைக்கிறேன், அவ்வளவுதான். உன் தைராய்டு மாத்திரையில் இருக்கும் தைராக்ஸின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும். விட்ட முதல் வாரம் ஒன்றும் தெரியாது, தேவலை என்றுகூடத் தோன்றும். அதைத்தான் கஷாயத்தின் பலன் என்று நினைத்துக்கொள்வார்கள். பிறகு மெல்லக் குளிரும், முடி கொட்டும், குரல் கனக்கும். போன ஞாயிறு போனில் உன் குரல் கனமாகத்தான் இருந்தது. மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி முன்பு. வால்நட்டையும் சேர்த்து வைக்காதே, அது மாத்திரையை உடம்பில் சேரவிடாது. இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி.

உனக்கு அந்த மாத்திரை தொடங்கிய வருஷம், “யார் கேட்டாலும் சத்து மாத்திரை என்று சொல்” என்றவள் நான். பாட்டிலின் லேபிளைக் கிழித்தவளும் நான்தான். மறைக்க வேண்டிய ஒன்று என்று உனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, இப்போது என்னிடம் மறைக்கிறாயே என்று கேட்க எனக்கு வாய் ஏது? அது தப்பு, பாப்பா. உன் பேரில் இல்லை, என் பேரில். பயந்தேன். நீ அதைச் சுமந்தாய்.

மறுபடி தொடங்குவதாக இருந்தால், விட்ட நாளுக்குச் சேர்த்து நீயாக இரண்டு போடாதே. எத்தனை நாள் விட்டாய் என்று டாக்டரிடம் உள்ளதைச் சொல். டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொன்னால் பார். மருந்து திரும்பத் தொடங்கி ஆறு வாரம் கழித்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும், அதற்கு முன்பு பார்த்தால் சரியான எண் வராது. எந்த எண் வந்தாலும் எனக்கு அனுப்பு, ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நாள் தள்ளியிருந்தால் அந்தச் சாராயத்தை ஒரு சொட்டுகூட வாயில் வைக்காதே.

அப்பா நன்றாக இருக்கிறார். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். கையுறை வாங்கு.

அம்மா