மல்லிகாவுக்கு: பூனை, எலி, அப்புறம் அந்தக் கொப்பரை

புக்கிட் பாஞ்சாங்
14 செப்டம்பர்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. இன்னும் பதில் இல்லை என்று வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய கோபப் பொம்மையையும் பார்த்தேன். கடிதத்துக்குக் கடிதம்தான் பதில் என்று சட்டம் போட்டவளே நீதான், அப்புறம் என்ன அவசரம்? முழங்கால் பரவாயில்லை. நடந்தால் வலிப்பதில்லை, தேக்கா சந்தையில் கீரைக்கட்டைக் குனிந்து எடுத்தால்தான் உயிர் போகிறது. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவதால் பேத்தி பள்ளி விட்டு நேரே என்னிடம்தான் வருகிறாள். தொடக்கநிலை இரண்டு. வாய் அப்படியே உன் வாய்.

இந்தக் கடிதம் நீளப் போவதற்கும் அவள்தான் காரணம். போன சனிக்கிழமை நல்ல மழை. கீழே விளையாடப் போக முடியாமல் பக்கத்து வீட்டுச் சீனப் பையன் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான், துணைக்கு அவன் பாட்டியும். பிள்ளைகள் டிஸ்னியின் பழைய நாய்ப் படம் ஒன்றைப் போட்டார்கள். 'லேடி அண்ட் த டிராம்ப்', 1955-இல் வந்தது. படம் தொடங்குமுன் திரையில் ஓர் அறிவிப்பு. இதில் சில மக்களையும் பண்பாடுகளையும் தவறாகக் காட்டியிருக்கிறார்கள், அது அன்றும் தவறு, இன்றும் தவறு என்கிற மாதிரி. பேத்தி அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "பாட்டி, ஸ்டீரியோடைப்னா என்ன?" என்றாள்.

முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவளுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அப்போது உன் அப்பா நினைவுக்கு வந்தார். அச்சகத்துக்கு நம் இரண்டு பேரையும் கூட்டிப்போய், கோத்த எழுத்தின்மேல் ஈர அட்டையை வைத்து அழுத்தி அச்சு எடுப்பதையும், அதில் ஈயத்தை ஊற்றி முழுப் பக்கத்தையும் ஒரே தகடாக வார்ப்பதையும் காட்டினாரே. அந்தத் தகட்டுக்குப் பெயரே ஸ்டீரியோதான் என்றார். ஒரு தடவை வார்த்துவிட்டால் அப்புறம் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது, எத்தனை ஆயிரம் பிரதி எடுத்தாலும் அதே பக்கம். அதைத்தான் பேத்திக்குச் சொன்னேன். "முறுக்கு அச்சு மாதிரியா?" என்று கேட்டாள். உன் அப்பா இருந்திருந்தால் அவளை வேலைக்குச் சேர்த்துக்கொண்டிருப்பார்.

சரி, கதைக்கு வருகிறேன். அந்தப் படத்தில் இரண்டு சயாமியப் பூனைகள் வரும். சாய்ந்த கண், துருத்திய பல், உடைந்த ஆங்கிலத்தில் ஒரு பாட்டு, செய்வதெல்லாம் திருட்டுத்தனம். இரண்டுக்கும் குரல் கொடுத்தது பெகி லீ என்ற அமெரிக்கப் பாடகி. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மருமகள் முகம் இறுகிப்போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டியோ சோபாவில் தாளம் போட்டுக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். தன் நாத்தனார்கள் இரண்டு பேரும் அசல் இதேதான் என்று என்னிடம் மலாயில் சொன்னார்.

அவர்கள் போன பிறகு மருமகள் சொன்னாள், "எனக்கு அவங்க முகத்தைப் பார்க்கவே கூச்சமா இருந்தது அத்தை." 2019-இல் அந்தப் படத்தைத் திரும்ப எடுத்தபோது அந்தப் பாட்டையே தூக்கிவிட்டார்களாம், பூனைகளும் வேறு இனமாம். நான், "அந்த அம்மாவே சிரிச்சாங்களே" என்றேன். "அவங்க சிரிச்சா அது சரியாயிடுமா?" என்று கேட்டுவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அந்தக் கேள்வி இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

1971-இல் தோ பாயோவில் நம் மாடியில் உங்கள் வீட்டில் மட்டும்தான் டிவி. சிங்கப்பூருக்கு வண்ண ஒளிபரப்பு 1974-இல்தான் வந்தது, அதனால் நமக்கு எல்லாமே சாம்பல் நிறம். டாம் அண்ட் ஜெரியில் எலி ஜெயிக்கும்போதெல்லாம் நீ குதிப்பாய். நான் பூனைக் கட்சி. இன்றைக்கும் அதே கட்சிதான். பாதி நேரம் வம்பை இழுப்பது எலி, அடி வாங்குவது பூனை. அப்புறம் ரோட் ரன்னர் பறவையைத் துரத்துகிற அந்தக் கொயோட்டி, உனக்கு அதை 'மலையிலிருந்து விழுகிற நரி' என்றால்தான் தெரியும். 1949-இல் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான சக் ஜோன்ஸ் அந்தத் தொடருக்கான விதிகளைப் பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார். பார்ப்பவர்களின் பரிவு கொயோட்டி பக்கமே இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. துரத்துகிறவன் அவன், கொல்லப் பார்க்கிறவன் அவன், ஆனால் பாவப்பட வேண்டியதும் அவனுக்காகத்தான்! அதைப் படித்தபோது, ஒன்பது வயதில் நான் உருகியது என் இளகிய மனசால் மட்டுமில்லை, யாரோ கணக்குப் போட்டுச் செய்த வேலையும் அதில் இருக்கிறது என்று புரிந்தது.

நம்பியாருக்கு அந்த வசதி இல்லை. எம்.ஜி.ஆரை அவர் அடித்தால் உன் பாட்டி திரையைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றாத குறை. வீட்டில் அவர் ஐயப்ப பக்தர், சபரிமலைக் குருசாமி என்று சொன்னால் நம்பவே மாட்டார். கெட்டவன் என்றால் முழுக்கக் கெட்டவனாக இருக்க வேண்டும் பாட்டிக்கு.

நாயகன், வில்லன் விஷயம் இப்படி. யார் பக்கம் சாய்வது என்பது கொஞ்சமாவது நம் கையில் இருக்கிறது. அந்த ஈயத் தகட்டு ஆட்கள் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. டாம் அண்ட் ஜெரியில் துடைப்பத்தோடு ஓர் அம்மா வருவாரே, முகம் தெரியாமல் கால் மட்டும் தெரியும், நினைவிருக்கிறதா? அந்தச் செருப்பையும் அதட்டலையும் பார்த்து நான் உன் அம்மா மாதிரி ஒருவர் என்றே நினைத்திருந்தேன். கறுப்பினப் பணிப்பெண் என்றால் குண்டாக, அதட்டிக்கொண்டு, கொச்சையாகப் பேசிக்கொண்டு இருப்பாள் என்ற அச்சில் வார்த்த உருவம் அது என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. 1940-இல் வந்த முதல் படத்திலேயே அவர் உண்டு. லில்லியன் ராண்டால்ஃப் என்ற கறுப்பின நடிகை குரல் கொடுத்தார். கறுப்பின மக்களின் அமைப்புகள் எதிர்த்தன. 1960-களில் தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் அந்தக் கால்களை அழித்து மெலிந்த வெள்ளைக்காரப் பெண்ணை வரைந்தார்கள், வேறு சிலவற்றில் குரலை மட்டும் மாற்றினார்கள். அவமானத்தைத் துடைக்கப் போய், அந்தப் படங்களில் இருந்த ஒரே கறுப்பினப் பெண்ணின் குரலையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள். இது எனக்குச் சரியாகவே படவில்லை, மல்லிகா. முன்னால் ஓர் அறிவிப்பைப் போட்டுவிட்டு உள்ளதை உள்ளபடி காட்டுவது எவ்வளவோ மேல். மருமகளிடமும் இதைத்தான் சொன்னேன்.

மெக்சிகோ எலி ஸ்பீடி கொன்சாலஸின் கதை இன்னும் வேடிக்கை. தொப்பி, வேகம், ஸ்பானிய வாடை அடிக்கிற ஆங்கிலம். ஒரு சமூகத்தையே கேலி செய்கிறது என்று பயந்து அமெரிக்காவில் கார்ட்டூன் நெட்வொர்க் 1999 முதல் அதைக் காட்டாமல் வைத்திருந்தது. கடைசியில் வேண்டும் என்று கேட்டதே லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள்தான். 2002-இல் திரும்ப வந்தது. அவர்களுக்கு அந்த எலி நாயகன், கொழுத்த அமெரிக்கப் பூனையைத் தினமும் தோற்கடிக்கிறவன். ஆனால் அதே படங்களில் அவனைச் சுற்றி இருக்கும் மற்ற எலிகளைப் பார். சோம்பேறி, குடிகாரன், நின்ற இடத்தில் தூங்குகிறவன். ஒருத்தனை நாயகனாக்கிவிட்டு மிச்சப் பேரை அதே தகட்டில் வார்த்திருக்கிறார்கள்.

இனி, நான் ஐம்பது வருஷமாக உன்னிடம் கேட்காதது. அந்தப் பழைய படங்களில் தீவுக்காரர்கள் என்று சிலர் வருவார்கள், கரிக்கட்டை நிறம், மூக்கில் எலும்பு, ஆளைக் கொப்பரையில் போட்டு வேகவைப்பார்கள். அப்படி ஒன்றைப் பார்த்த மறுநாள், தொடக்கநிலை மூன்றில், இடைவேளையில் ஒருத்தி நம் இரண்டு பேரையும் காட்டி, "நேத்து உங்க சொந்தக்காரங்க டிவியில வந்தாங்க" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நீ கண்ணை உருட்டி, "ஆமா, இன்னைக்கு உன்னைத்தான் சமைக்கப் போறோம்" என்று அவள் கையைக் கடிப்பது போல வாயைத் திறந்தாய். எல்லோரும் சிரித்தார்கள். நீதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாய். அதற்கப்புறம் ஒரு வாரம் நான் உன்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டு நீ எனக்கு மைலோ கொண்டுவந்து கொடுத்தாய்.

உண்மையிலேயே உனக்குச் சிரிப்பு வந்ததா? இல்லை, அவள் அடிக்கும் முன் நீயே அடித்துக்கொண்டாயா? பக்கத்து வீட்டுப் பாட்டி சிரித்தபோது அந்தச் சிரிப்பு உன் சிரிப்பு மாதிரியே எனக்குக் கேட்டது. மருமகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் போனதும் அதனால்தான்.

இதை எழுதும்போது என் பக்கத்துக் கணக்கையும் மறைக்க முடியவில்லை. உயர்நிலை இரண்டில் தமிழ் நாடகம் போட்டோமே, நான் ஒட்டுமீசையும் தலைப்பாகையும் வைத்துக்கொண்டு சேட்டு வேஷம் கட்டி, "நம்பள் வட்டி கேக்கறான், நிம்பள் பணம் குடுக்கறான்" என்று மேடையைக் கலக்கினேனே. அது எங்கிருந்து வந்தது? தமிழ்ப் படத்தில் எந்தச் சேட்டு இலக்கணத்தோடு தமிழ் பேசினார்? பார்த்ததை அப்படியே செய்தேன், அரங்கம் அதிர்ந்தது, பரிசாக ஒரு அகராதிகூடக் கிடைத்தது. முன்வரிசையில் நம் வகுப்புச் சிந்திப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பாவுக்கு ஹை ஸ்திரீட்டில் துணிக்கடை. அவளுக்குத் தமிழ் தெரியாது, அதனால் புரியாது என்று நான் நினைத்துக்கொண்டேன். தலைப்பாகையும் மீசையும் புரியத் தமிழ் எதற்கு?

அவள் கை தட்டினாள் என்பதுதான் என் நினைவு. ஆனால் என் நினைவை நானே நம்பவில்லை. எனக்கு வசதியாக அவளைக் கை தட்ட வைத்திருப்பேன். நீ திரைக்கு ஓரமாக நின்றுகொண்டிருந்தாய், அங்கிருந்து முன்வரிசை நன்றாகத் தெரியும். நீ பார்த்ததை எழுது.

தீபாவளிக்கு முந்தின வாரமே வந்துவிடு. ஈப்போவிலிருந்து பேருந்து ஏறியதும் ஒரு செய்தி போடு, மகன் காரோடு வந்து நிற்பான். வெள்ளைக் காப்பித்தூள் இரண்டு பாக்கெட் போதும், போன தடவை மாதிரி பத்து வேண்டாம்.

உன்,
சரோஜா