உங்கள் ஓவனைப் பற்றி, மறுபடியும்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போனில் பேசிப் பேசி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தீபாவளிக்கும் ஹரிராயாவுக்கும் வானொலியில் தமிழில் விளம்பரம் போட்டுத்தான் இந்த ஓவனை எங்களிடம் விற்றீர்கள். விற்கும்போது தெரிந்த தமிழ், புகாரைப் படிக்கும்போதும் தெரியும் என்று நம்புகிறேன்.

எந்த ஓவன் என்று உங்களுக்கே தெரியும். 60 லிட்டர், கறுப்பு, மேல் கம்பி கீழ்க் கம்பியை மாற்றுகிற குமிழ் நடுவில் இருக்குமே, அதுதான். ரசீதையும் கடை சாப் குத்திய வாரண்டி அட்டையையும் உங்கள் ஆட்கள் கேட்கக் கேட்கப் படம் எடுத்து அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதத்தோடும் வைத்திருக்கிறேன். தயவுசெய்து இன்னொரு முறை கேட்காதீர்கள்.

குறை இதுதான்: மேல் ஹீட்டர் கம்பி சூடாவதில்லை. வாங்கிய புதிதில் மங்கலாகவாவது சிவந்தது, அப்புறம் அதுவும் இல்லை. கேக் சாமான் கடையில் ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கி மேல் தட்டில் வைத்துப் பார்த்தேன். குமிழை 200-ல் வைத்து நன்றாகச் சூடேற்றிய பிறகும் முள் 130-ஐத் தாண்டவில்லை. கீழே மட்டும் தீயாக எரிகிறது.

இதை நான் எப்போது கண்டுபிடித்தேன் தெரியுமா? பள்ளி விடுமுறைக்கு மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த அன்றைக்கு. பிள்ளைகள் மக்ரோனி பாக்கார், அதுதான் ஓவனில் சுட்ட மக்ரோனி, வேண்டும் என்று முதல் நாளே கேட்டுவிட்டார்கள். சௌராஸ்தா மார்க்கெட்டுக்குப் போய் நல்ல மாட்டிறைச்சியாகப் பார்த்து, கண் முன்னால் அரைத்து வாங்கி வந்தேன். இது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. அரைத்த இறைச்சியை வாயகன்ற சட்டியில் போட்டுத் தண்ணீர் சுண்டிச் சிவப்பு மாறும்வரை வதக்க வேண்டும். பெரிய வெங்காயம், பூண்டு, தக்காளி விழுது, மிளகுத்தூள், ஓரிகானோ, எங்கள் வீட்டுப் பழக்கத்துக்கு ஒரு கரண்டி அரைத்த மிளகாய். மக்ரோனியை, பாக்கெட்டில் அச்சடித்திருக்கிற நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னாலேயே இறக்கி வடிக்க வேண்டும், ஏனென்றால் மிச்சத்தை அது ஓவனில் சாஸைக் குடித்து வேகும். செடாரை உள்ளே கலந்து, மொஸரெல்லாவை மேலே தூவி, 190-ல் கால் மணி நேரம் மூடி வைத்து, அப்புறம் மூடியைத் திறந்து மேல் கம்பியில் ஒரு பத்து நிமிடம். அவ்வளவுதான். அடுப்பு வேலை முழுக்க நான் செய்துவிட்டேன். உங்கள் ஓவன் செய்ய வேண்டியிருந்தது அந்தக் கடைசிப் பத்து நிமிட வேலை மட்டும்தான்.

செய்யவில்லை. மேலே சீஸ் வெள்ளையாகவே கிடந்தது. சரி, இன்னும் கொஞ்சம் வைப்போம் என்று வைத்தால், நெடுநேரம் மந்தச் சூட்டில் கிடந்து எண்ணெய் பிரிந்து ரப்பராகிவிட்டது. அடியில் மக்ரோனி கருகித் தட்டோடு ஒட்டிக்கொண்டது. ஒரு தட்டு முழுக்க வீண். மருமகள் நல்ல பெண், ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு இன்னும் கஷ்டம். என் கணவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் கடையில் நாசி கண்டார் சோறு கட்டி வந்தார். மணி பத்தாகிவிட்டது, சின்னது தூங்கியே போய்விட்டது.

இப்போது உங்கள் போன் ஆளைப் பற்றி. பெயர் சொல்ல மாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார், ஆனால் அழைப்பைப் பதிவு செய்வதாக உங்கள் இயந்திரம் முதலில் சொல்கிறதே, எடுத்துக் கேட்டுப் பாருங்கள். நான் பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “ஆன்ட்டி, ஓவன் கேக்குக்குத்தானே? கறியெல்லாம் எதுக்கு இதுல வைக்கிறீங்க?” ஐயா, உங்கள் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கிற படமே சீஸ் பொன்னிறமாக முறுகிய பாஸ்தாதான்! உள்ளே வைத்திருக்கிற சின்னப் புத்தகத்தில் பாஸ்தாவுக்கு 200 பாகை, 25 நிமிடம் என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். அதைச் சொன்னதும், “மலிவு சீஸ் போட்டா அப்படித்தான் ஆகும் ஆன்ட்டி” என்றார். மலிவு சீஸ்! இந்த ஊரில் சீஸ் விற்கிற விலை அவருக்குத் தெரியுமா? மேலாளரிடம் கொடுங்கள் என்றேன். பாட்டுப் போட்டுவிட்டுப் போனவர் திரும்ப வரவேயில்லை, லைன் தானாக அறுந்தது.

அவர்தான் எங்களைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிறை ஊருக்கும் அனுப்பியவர். “பொருளைப் பிறை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்க, வேற வழியில்ல” என்றார். நாங்கள் இருப்பது பினாங்குத் தீவில், சுங்கை ஆராவில். ஃபெரியில் இப்போது கார் ஏற்றுவதில்லை, ஆள்களும் இரண்டு சக்கர வண்டிகளும் மட்டும்தான். ஆகவே ஓவனைக் காரில் ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்தோம். கணவருக்கு முட்டி வலி, அந்த நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து அவர் பட்ட பாட்டை நான்தான் பார்த்தேன். அங்கே கவுன்டரில் இருந்த பெண் ஓவனைப் பார்த்துவிட்டுச் சொன்னது: “இங்கே ஐஸ்பெட்டி, வாஷிங் மெஷின் மட்டும்தான். சின்னச் சாமானெல்லாம் பாயான் லெப்பாஸ் கடையிலேயே கொடுக்கலாமே.” பாயான் லெப்பாஸ்! எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்! திரும்பித் தீவுக்குள் வரும்போது டோல் வேறு. அந்த டோல் காசை உங்கள் போன் ஆளின் சம்பளத்தில் பிடித்துத் தாருங்கள் என்று கேட்கத் தோன்றுகிறது, ஆனால் நான் அப்படிப்பட்டவள் இல்லை.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அவர் மட்டும்தான் “மன்னிக்கணும் அம்மா” என்று ஒரு வார்த்தை சொன்னார்.

பாயான் லெப்பாஸ் கடையிலும் ஓவனைச் செருகிப் பார்த்தார்கள். எப்படிப் பார்த்தார்கள்? கதவைத் திறந்து கையை நீட்டி, “சூடாகுதே” என்றார்கள். கீழ்க் கம்பி எரிந்தால் சூடாகத்தானே செய்யும்? வெப்பமானியை வைத்துக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். அப்புறம் புதுக் கதை: அந்தக் கம்பி ஸ்டாக் இல்லை, எப்போது வரும் என்று சொல்ல முடியாது, வேண்டுமானால் தள்ளுபடியில் வேறு மாடல் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு முறை நான் உங்களிடம் காசு கொடுத்து வாங்க வேண்டுமாம்.

உங்கள் நிறுவனம் மோசமானது என்று நான் சொல்லவில்லை. உங்கள் ரைஸ் குக்கர் எங்கள் வீட்டில் பல வருடமாக நன்றாகவே ஓடுகிறது. அந்த நம்பிக்கையில்தான் ஓவனையும் வாங்கினோம். ஒருவர், யாராவது ஒருவர், ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது. ஆனால் வாடிக்கையாளருக்குச் சீஸ் வாங்கத் தெரியாது என்று சொல்கிற ஆளை வைத்துக்கொண்டு எப்படி வியாபாரம் செய்கிறீர்கள் என்று உண்மையிலேயே புரியவில்லை.

நஷ்டத்தைச் சொல்கிறேன். ஓவன் விலை 459 வெள்ளி (ரிங்கிட்). இறைச்சி, சீஸ், மற்ற சாமான், கருகிய தட்டு (அது நல்ல கண்ணாடித் தட்டு, சுரண்டியதில் கீறல் விழுந்துவிட்டது), பெட்ரோல், டோல். இதற்கெல்லாம் மேல் வருடத்துக்கு ஒருமுறை கூடுகிற குடும்பத்தின் ஒரு ராத்திரி போனது. அதற்கு என்ன விலை போடுவீர்கள்? என்னைக் கேட்டால் 2,000 வெள்ளிகூடக் குறைவு. ஓவனைத் தொடவே இப்போது மனம் வரவில்லை. ரப்பர் சீஸ் என்று பேரன் போனில் இன்னும் கிண்டல் செய்கிறான்.

என் மாப்பிள்ளை படித்தவர், சட்டத்தை எடுத்துக் காட்டினார். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 32-ஆவது பிரிவு, விற்கிற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. 37-ஆவது பிரிவு பழுதுபார்ப்புக்கும் உதிரிப்பாகத்துக்கும் உங்களைப் பொறுப்பாக்குகிறது. ஆகவே “ஸ்டாக் இல்லை” என்று கையை விரித்துவிட்டுப் போக முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுப் போட 5 வெள்ளிதான் கட்டணம். 50,000 வெள்ளி வரைக்கும் அங்கே கேட்கலாம். வக்கீல் வேண்டியதில்லை, உங்கள் பக்கமும் வக்கீலை வைத்து வாதாட விடமாட்டார்கள். அந்தப் போன் ஆளையே அங்கே அனுப்பிச் சீஸைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் இதன் நகல் போகும்.

மிரட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 14 நாள் தருகிறேன். ஒன்று, ஓவனை எடுத்துக்கொண்டு 459 வெள்ளியை முழுதாகத் திருப்பித் தாருங்கள். அல்லது இதே மாடலில் புதிது ஒன்று கொண்டுவந்து, என் எதிரிலேயே வெப்பமானியை மேல் தட்டில் வைத்து 200 காட்டிவிட்டுப் போங்கள். எதுவானாலும் டோலும் வீணான சாமானும் தனிக் கணக்கு, ரசீதுகள் இத்துடன். தள்ளுபடி கூப்பன் வேண்டாம்.

ஓவன் பெட்டியோடு தயாராக இருக்கிறது. நாங்கள் இனி எங்கும் தூக்கி வரமாட்டோம், நீங்கள்தான் வந்து எடுக்க வேண்டும். காலை பத்து மணிக்கு மேல் எந்த நாளும் வரலாம், வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்ஆ தொழுகை முடிந்து மூன்று மணிக்கு அப்புறம். வருவதற்கு முன் போன் செய்யுங்கள். அந்த ஆளை விட்டுச் செய்யச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சுங்கை ஆரா, பினாங்கு