டி-76 பாக்கெட் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஒரு மாதமாக வாட்ஸ்அப் குழுக்களில் நம் கடையைப் பற்றி ஒரு பேச்சு ஓடுகிறது. கறுப்பு-வெள்ளை ஃபிலிமைக் கழுவிப் படத்தை வரவைக்க நாங்கள் எடை போட்டு விற்கும் டி-76 டெவலப்பர் பவுடரில் கலப்படமாம், அதில் கழுவிய ரோல் வெறுமையாக வந்ததாம். நேரில் வந்து முறையிட்டவர்கள் நான்கு பேர். பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டதாகிவிடும், அதனால் எழுதுகிறேன்.

கலப்படம் என்ற சொல்தான் தாங்க முடியவில்லை. டி-76 ரகசிய மருந்தல்ல. கோடாக் 1927-ல் கொண்டுவந்தது, அளவு எல்லோருக்கும் தெரியும். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். இதில் எதைக் குறைத்தாலும் எனக்கு மிஞ்சுவது சில்லறை. ஊட்டி ஃபேக்டரியிலிருந்து ‘இந்து’ (Indu) என்ற பெயரில் ஃபிலிம் வந்துகொண்டிருந்த காலத்தில் அப்பா ஸ்டூடியோக்காரர்களுக்கு நிறுத்துக் கொடுத்த தராசு இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பாக்கெட்டைப் பிரித்து நிறுத்துப் பார்க்கலாம்.

முதலில் வந்தவர் கொண்டுவந்தது தாத்தாவின் சதாபிஷேகத்தில் எடுத்த ரோல். அவர் முகத்தைப் பார்த்து எனக்கே தொண்டை அடைத்தது. ஆனால் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்தபோது, படம் ஒன்றும் இல்லாவிட்டாலும் ஓரத்தில் ஃபிலிமின் பெயரும் எண்களும் நல்ல கறுப்பாகத் தெரிந்தன. அந்த எழுத்துகள் ஃபேக்டரியிலேயே ஒளி காட்டிப் பதிக்கப்பட்டவை. டெவலப்பர் வேலை செய்யாமல் அவை தோன்றவே தோன்றாது. பெரும்பாலும் கேமராவில் ஃபிலிம் முனை சுருளில் மாட்டாமல், ரோல் ஓடாமலே இருந்திருக்கும். அடுத்த முறை லீவரை இழுக்கும்போது ரீவைண்ட் குமிழும் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஓர எழுத்துகூட இல்லையென்றால்தான் டெவலப்பர் செத்திருக்கும், அல்லது டெவலப்பருக்குப் பின் படத்தை நிலைக்கவைக்க ஊற்றும் ஹைப்போவைக் கைமாறி முதலில் ஊற்றியிருப்பீர்கள். சந்தேகம் வந்தால் ஃபிலிம் முனையில் வெட்டிய லீடர் துண்டை வெளிச்சத்திலேயே டெவலப்பரில் போடுங்கள். சில நிமிடத்தில் கறுத்தால் மருந்து உயிரோடு இருக்கிறது. புகார் வந்த அதே கட்டிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துக் கரைத்து இப்படிப் பார்த்தேன், கறுத்தது.

அடுத்த இருவருடையது நெகட்டிவ் அடர்ந்து கறுத்துப்போன கதை. இது வெயில் செய்த வேலை. இல்ஃபோர்ட் ஹெச்.பி.5 ஃபிலிமுக்கு நீர் கலக்காத டி-76-ல் ஏழரை நிமிடம் என்பது 20 டிகிரிக்கான கணக்கு. வைகாசியில் நம் மாடித் தொட்டித் தண்ணீர் 30-ஐத் தாண்டி வருகிறது. அதே ஏழரை நிமிடம் வைத்தால் எப்படித் தாங்கும்? பாத்திரத் தண்ணீரில் ஐஸ் போட்டு, டெவலப்பர் பாட்டிலை அதில் நிறுத்தி 24-க்காவது இறக்குங்கள். சரிபாதி தண்ணீர் கலந்தால் நேரம் நீளும், கோடைக்கு அதுதான் நிதானம். டெவலப்பரை மட்டும் குளிர வைத்துவிட்டு, கடைசியில் சூடான குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள். ஃபிலிம் மேலுள்ள ஜெலட்டின் பூச்சு சுருக்கம் விழுந்து வலைபோல வெடிக்கும். அலசும் தண்ணீரும் ஏறத்தாழ அதே சூட்டில் இருக்கட்டும்.

நான்காமவருடைய நெகட்டிவ் பால்போல மங்கலாக இருந்தது. அது ஹைப்போ பழசானது. புது ஹைப்போவில் மறுபடி போட்டதும் என் கண்ணெதிரே தெளிந்தது. துண்டு ஃபிலிம் ஹைப்போவில் தெளிய எவ்வளவு நேரம் ஆகிறதோ அதைப்போல் இரு மடங்கு வையுங்கள். புதிதாக இருந்தபோது ஆனதைவிட இரட்டிப்பு நேரம் பிடித்தால் கொட்டிவிடுங்கள்.

உலர்ந்தபின் வெள்ளைத் திட்டு விழுவது போர் தண்ணீரின் உப்பு. கடைசி அலசலுக்கு டிஸ்டில்டு வாட்டர் போதும். அப்புறம், ஒளி புகாத சேஞ்சிங் பேக்குக்குள் கை வியர்த்து, கழுவும் டாங்கின் ரீலில் ஃபிலிம் சிக்குகிறது என்று பலர் கேட்டீர்கள். காலை விடிவதற்குள் ஏற்றிவிடுங்கள், ரீல் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும்.

டிஜிட்டல் வந்து எல்லோரும் போனபோதும் இங்கேயே வந்தவர்கள் நீங்கள். முதல் ரோலை உலரும் முன்பே எடுத்துவந்து காட்டிய கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு. உங்களால்தான் இந்தக் கதவு திறந்திருக்கிறது, மனமார்ந்த நன்றி.

பாக்கெட் கட்டிய தம்பி வேலையை விட்டுப் போனபின், ஐப்பசி மழையில் நான் கட்டியவற்றில் சில சரியாக சீல் ஆகவில்லை. பவுடர் பழுப்பேறியிருந்தால் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறேன். சரக்கு விலை ஏறியதால் ஆனி முதல் தேதியிலிருந்து லிட்டர் பாக்கெட்டுக்கு 40 ரூபாய் கூடும்.

கெட்டுப்போன ரோல் எதுவானாலும் தூக்கிப் போடாமல் எடுத்துவாருங்கள். ஞாயிறு காலை 10 முதல் 1 மணி வரை உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன், அதற்குக் காசு இல்லை.

அன்புடன்,
கடை உரிமையாளர்